வேற செக்‌ஷன் பிள்ளை

சுருட்டி வைத்த சார்ட் பேப்பரைப் பிரிக்கும்போது ஒரு வாசனை வருமே, பசையும் ஸ்கெட்ச் பேனா மையும் கலந்த வாசனை, அது எனக்கு ஆகாது. மூக்கில் கோளாறு எதுவும் இல்லை. போன மாதம் எங்கள் ஆசிரியர் அறையில் என் மேசைமேல் அப்படி ஒரு சார்ட் பிரிந்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் நான் கத்திய கத்தலில், எதிரே உட்கார்ந்திருந்த தமிழ் சார் கடித்த வடையை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். பி.எட். படிக்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் எங்களிடம் கற்பித்தல் பயிற்சிக்கு வருவார்கள். இந்த வருஷம் எனக்கு வாய்த்தவள் நித்யா. கெட்டிக்காரி. போர்டில் கோடு போட்டால் ஸ்கேல் வைத்தது போல நேராக இருக்கும். மறுநாள் அவளுக்கு பிராக்டிகல் தேர்வு. வெளியிலிருந்து எக்ஸாமினர் வந்து வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து, இவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுவார். அதற்கான சார்ட்டைத்தான் விரித்துக் காட்டினாள். காட்டிவிட்டு, நாலாக மடித்த ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினாள். அதில் ஒன்பது பெயர்கள் இருந்தன.

"மேடம், இந்த ஒம்பது பேரை மட்டும் நாளைக்கு ஒரு பீரியடு லைப்ரரியில உக்கார வச்சிரலாமா?"

"எதுக்கு?"

"கேள்வி கேட்டா முழிக்கும்க மேடம். எக்ஸாமினர் அதுகளப் பாத்துக் கேட்டுட்டா என் மார்க்கு போயிரும். சீனியர் அக்காவெல்லாம் இப்படித்தான் செஞ்சாங்களாம்."

"அதுகன்னா யாரு? தெரிஞ்ச பிள்ளைக்கே தெரிஞ்சதச் சொல்லிக் குடுக்கத்தான் பி.எட். படிக்கிறியா? முழிக்கிற பிள்ளைக்குத்தானடி டீச்சர் வேணும்!" என்று ஆரம்பித்தேன். நடுவில் என்னென்னவோ சொன்னேன். அவள் கல்லூரியைத் திட்டினேன், சீனியர் அக்காக்களைத் திட்டினேன், பார்த்தே இராத அந்த எக்ஸாமினரையும் விடவில்லை. நித்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பெண் தலையைக் குனியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க பிராக்டிகல்ல எம்புட்டு மேடம் வாங்குனீங்க?"

திமிராகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு அந்த பீரியட் வகுப்பு கிடையாது. இருந்தும் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு, வகுப்பு இருப்பது மாதிரி வெளியே போய்விட்டேன்.

நான் வாங்கியது நூற்றுக்குத் தொண்ணூற்றி இரண்டு. எங்கள் கல்லூரியில் அந்த வருஷம் கணக்குப் பிரிவில் அதுதான் முதல் மார்க். அதை எப்படி வாங்கினேன் என்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன். சொன்னபிறகு என்னை எப்படி நினைப்பீர்களோ, அது உங்கள் பாடு.

அப்போது பி.எட். ஒரே வருஷப் படிப்பு. அத்தாவுக்கு டவுனுக்குள் சின்னதாக ஒரு குடைக்கடை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னை டீச்சராக்கிப் பார்க்க அத்தாவுக்கு இருந்த ஆசையில், கடைக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் அப்போதே "எம்மக டீச்சரு" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். இன்னும் படித்தே முடிக்கவில்லை என்பதைச் சொல்லமாட்டார். குடை ரிப்பேருக்கு வந்த ஒருவர் தன் பேரனை டியூஷனுக்குச் சேர்க்க வீட்டுக்கே வந்துவிட்டார்.

பயிற்சிக்கு எனக்குப் போட்டது திருமங்கலம் தாண்டி ஒரு பள்ளி. காலையில் ஏழரை மணி பஸ். சேலை கட்டிப் பழக்கமில்லாததால் உடம்பெல்லாம் ஊக்கு. கையில் சுருட்டிய சார்ட். கூட்டத்தில் அது நசுங்காமல் இருக்கத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திருப்பரங்குன்றம் வரை ஒற்றைக் காலில் நிற்பேன். கண்டக்டர் அண்ணன், "டீச்சரம்மா, அந்தப் பீரங்கிய என் பக்கம் திருப்பாதீங்க" என்பார். பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அப்போதெல்லாம் எதற்கும் சிரிப்பு வரும் எனக்கு.

பாடக்குறிப்பு ஏடு என்று ஒன்று எழுதவேண்டும். அதைப் பற்றி நினைத்தாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் ஆசிரியர் என்ன கேட்பார் என்று எழுதவேண்டும். அந்தப் பக்கம், மாணவர் என்ன பதில் சொல்வார் என்று எழுதவேண்டும். பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அவர்கள் வாயிலிருந்து என்ன வரும் என்று ராத்திரி உட்கார்ந்து நானே எழுதினேன். எல்லாப் பதிலும் சரியான பதில். முழு வாக்கியத்தில், பிழையில்லாமல். என் ஏட்டில் எந்தப் பிள்ளையும் "தெரியல டீச்சர்" என்று சொன்னதே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நேரக் கணக்கு வேறு. இதற்கு மூன்று நிமிடம், அதற்கு ஐந்து நிமிடம். மாணவர் யோசிக்க என்று ஒரு நிமிடம்கூட எங்கும் இல்லை. இந்த லட்சணத்தில் எழுதிய ஏட்டுக்கு அட்டை போட்டு, பார்டர் வரைந்து, பூவெல்லாம் ஒட்டினேன்.

அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஒரே ஒரு செக்‌ஷன்தான். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். எனக்கு வழிகாட்டி, அங்கிருந்த கணக்கு சார். நல்ல மனுஷர்தான். பயிற்சி டீச்சர் வந்தால் தனக்கு நாற்பது நாள் ஓய்வு என்ற நிம்மதியில் வகுப்பை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டு, மரத்தடியில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார்.

கடைசி பெஞ்சில் இருந்தாள் பாண்டிச்செல்வி. தேர்வுகளில் பத்து, பன்னிரண்டு என்றுதான் வாங்குவாள். மக்கு என்று சார் முதல் நாளே சொல்லிவிட்டார். மக்கு இல்லை. அவளுக்கு நேரம் ஆகும், அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்டால் உடனே வாயைத் திறக்கமாட்டாள். மேலே பார்ப்பாள், கீழே பார்ப்பாள், பக்கத்துப் பிள்ளையின் தோளைப் பார்ப்பாள். நாம் பொறுமையிழந்து அடுத்த ஆளைக் கேட்டு, அடுத்த கேள்விக்கும் போனபிறகு, முதல் கேள்விக்குச் சரியான பதில் வரும்.

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் நூற்றெண்பது என்று ஒரு பாடம். அதற்கு ஒரு காகித முக்கோணம் வெட்டி, மூன்று மூலைக்கும் மூன்று வண்ணம் அடித்து, மூலைகளைக் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டினேன். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோட்டில் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் கை தட்டினார்கள். மணி அடித்து எல்லாரும் போனபிறகு பாண்டிச்செல்வி மட்டும் நின்றாள்.

"டீச்சர், இந்த முக்கோணத்துக்கு மட்டும் இப்படி வருமா, எல்லாத்துக்கும் வருமா?"

நாற்பது நாளில் எந்தப் பிள்ளையும் கேட்காத கேள்வி. என் ஏட்டிலும் இல்லாத கேள்வி. "நீயே வெட்டிப் பாரேன்" என்றேன்.

வெட்டினாள். மறுநாள் ஒரு பழைய பவுடர் டப்பாவோடு வந்தாள். உள்ளே முழுக்க முக்கோணம். கல்யாணப் பத்திரிகையில் வெட்டியது, கட்சி நோட்டீஸில் வெட்டியது, பஸ் டிக்கெட்டில் வெட்டிய குட்டி முக்கோணம். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, மூலையைக் கிழித்துக் கிழித்து வைத்துக் காட்டினாள். அதற்கடுத்த நாள், விரல் அகலமே உள்ள நீளமான ஒன்றைக் கொண்டுவந்தாள். "இந்த ஒல்லிக்கு மட்டும் வராதுன்னு நெனச்சேன் டீச்சர். இதுக்கும் வருது" என்று சொன்னபோது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். அந்த முகத்துக்காகத்தான் டீச்சர் வேலைக்கே வருகிறோம். அன்றைக்கு வாய் சும்மா இல்லாமல் ஒரு வாக்குக் கொடுத்தேன்.

"எக்ஸாமுக்கு இதே பாடந்தான் எடுக்கப் போறேன். அன்னைக்கு யார் வந்து ஒட்டப் போறீங்கன்னு கேப்பேன். நீதான் கை தூக்கணும். ஒன்னத்தான் கூப்பிடுவேன்."

அவள் அம்மா திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்பவர். பஸ் நின்றதும் கூடையோடு ஜன்னல் ஜன்னலாக ஓடி வருவார். அதுவரை எனக்கு அவரைத் தெரியாது. அவர்தான் ஒருநாள் என் ஜன்னலுக்குக் கீழே நின்று, "பி.எட். டீச்சர் நீங்கதானா? எம்புள்ளயப் போர்டுக்குக் கூப்புடப் போறீங்களாமே" என்று கேட்டுவிட்டு, இரண்டு வெள்ளரிக்காயை உப்பு மிளகாய்ப்பொடி தடவி என் மடியில் போட்டார். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் சார் என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டார். கையில் மார்க் ரிஜிஸ்டர். ஏழு பெயருக்கு எதிரே பென்சிலால் டிக் அடித்திருந்தார்.

"ஏம்மா, இந்த ஏழையும் நாளைக்குச் சத்துணவுக் கூடத்துக்கு அனுப்பிருவோம். கீரை ஆயட்டும், எக்ஸாமினருக்குத் தண்ணி, டீ கொண்டாரட்டும். அம்புட்டுப் பேரையும் உள்ள வச்சுக்கிட்டு நீ பாடம் நடத்துனா வெளங்குனாப்லதான்."

ஏழில் ஒன்று பாண்டிச்செல்வி.

"சார், பாண்டிச்செல்விக்கு இந்தப் பாடம் நல்லாத் தெரியும் சார்."

"தெரியும்மா. அது வாயத் தொறக்கறதுக்குள்ள மணி அடிச்சிரும். மார்க்கு கொறஞ்சா ஒனக்குத்தான், எனக்கென்ன? பாத்துக்க."

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சார் முரடரும் இல்லை, வம்புக்காரரும் இல்லை. "இருக்கட்டும் சார்" என்றால் ரப்பரால் அழித்திருப்பார். பென்சில் டிக்தானே. நான் என் ஏட்டை நினைத்தேன். கிழித்து ஒட்டும் செயலுக்கு நான்கு நிமிடம் என்று எழுதியிருந்தேன். அவள் எட்டு நிமிடம் எடுத்துக்கொள்வாள். அத்தா கடையில் யார் யாரிடமோ சொல்லி வைத்திருப்பதை நினைத்தேன். "சரிங்க சார்" என்றேன்.

அன்று பின்மதியம் மிச்சமிருந்த முப்பத்தொரு பேருக்கும் மூன்று முறை ஒத்திகை. எந்தக் கேள்விக்கு யார் கை தூக்குவது, எந்த இடத்தில் ஆச்சரியப்படுவது என்பதுவரை. ஒட்டும் வேலையை வகுப்பு லீடர் கார்த்திக்குக் கொடுத்தேன். மறுநாள் தேர்வில் நடத்தும்போது இந்தப் பாடம் அவர்களுக்கு ஐந்தாவது தடவை. பாவம், ஐந்தாவது தடவையும் வாயைப் பிளந்தார்கள். பாண்டிச்செல்வியிடம் நானாக எதையும் சொல்லவில்லை. சொல்ல முகமில்லை. சத்துணவுக் கூடத்துக்குப் போகச் சொன்னது சார்தான். தண்ணீர் கொடுக்கிற வேலை முடிந்ததும் வகுப்புக்கு வரலாம் என்று அவள் தானாக நினைத்துக்கொண்டாள் போல.

மறுநாள் எக்ஸாமினர் அம்மா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பாண்டிச்செல்வி உட்காரும் இடத்திலேயே. பாடம் நன்றாகப் போனது. எல்லாரும் ஏட்டில் எழுதியது போலவே பேசினார்கள். கிழிக்கவேண்டிய முக்கோணத்தைத் தூக்கிப் பிடித்து, "இந்த மூணு மூலையையும் ஒட்டிக் காட்ட யார் வரப் போறீங்க?" என்று கேட்டேன். கேட்ட அதே நேரத்தில் பாண்டிச்செல்வி தட்டில் தண்ணீர் டம்ளரோடு வாசலில் வந்து நின்றாள்.

தட்டை மேசைமேல் வைத்தாள். பாவாடையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையை மேலே தூக்கினாள். யோசிக்கவே இல்லை. மேலே கீழே பார்க்கவில்லை. அவள் வாழ்நாளில் அவ்வளவு சீக்கிரம் கை தூக்கியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். இன்னொரு கையில் அந்தப் பவுடர் டப்பா இருந்தது.

எக்ஸாமினர் அம்மாவும் அதைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு கை தூக்குதே. இந்த கிளாஸ் பிள்ளையா?" என்று சிரித்த முகமாகக் கேட்டார்.

"இல்ல மேடம். வேற செக்‌ஷன்" என்றேன்.

இருக்கிறதே ஒரு செக்‌ஷன். அது முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு பிள்ளைகூட முணுமுணுக்கவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் கொடுத்த பயிற்சி அப்படி. முக்கோணம் மறந்திருக்கும் அவர்களுக்கு. டீச்சர் பொய் சொன்னால் நேராகப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும் என்ற பாடம் மறந்திருக்காது. "தண்ணிய வச்சிட்டுப் போம்மா" என்றேன் பாண்டிச்செல்வியிடம், பெயர் தெரியாத பிள்ளையிடம் சொல்வது போல. கையை இறக்கினாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கார்த்தி வந்து மூன்றரை நிமிடத்தில் ஒட்டினான்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவள் அம்மா கூடையோடு ஓடிவந்தார். "எப்படி டீச்சர் செஞ்சா எம்புள்ள?"

"நல்லாச் செஞ்சாக்கா" என்றேன். பஸ் கிளம்பிவிட்டது. ஒரே நாளில் மகள் முன்னால் ஒரு பொய், தாயிடம் ஒரு பொய். ராத்திரி வீட்டில் அத்தா வாங்கி வந்த அல்வாவைச் சாப்பிட்டேன். இறங்கவில்லை என்று சொன்னால் அது மூன்றாவது பொய். நன்றாகவே இறங்கியது.

கோபம் வந்தது ரொம்பப் பின்னால்தான், நானே வேலைக்கு வந்து சில வருஷம் கழிந்தபிறகு. வந்தது இன்றுவரை போகவில்லை. பிள்ளையின் பதிலைப் பிள்ளையைக் கேட்காமல் எழுதச் சொன்ன அந்த ஏட்டின்மேல் கோபம். தெரியாத பிள்ளையை ஒளித்துவைத்தால் நல்ல டீச்சர் என்று மார்க் போடுகிற தேர்வின்மேல் கோபம். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டுவதற்காக, ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோரைக் கூப்பிட்டு டி.சி.யை நீட்டுகிற பள்ளிகளின்மேல் கோபம். எங்கள் பள்ளியும் அதைச் செய்கிறது. நான் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் "பிள்ளைக நல்லதுக்குத்தான் மேடம்" என்றார்கள், நான் வகுப்புக்குத் திரும்பிப் போனேன். ஆக, நித்யாமேல் பாய்ந்ததில் பாதி அவளுக்கு உரியதே இல்லை.

சாக்பீஸ் டப்பாவோடு மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஆசிரியர் அறைக்குத் திரும்பினேன். "தொண்ணூத்திரெண்டு வாங்குனேன். ஒரு பிள்ளைய வேற செக்‌ஷன்னு சொல்லி வாங்குனேன்" என்று நித்யாவிடம் சொல்லிவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். மறுநாள் நாற்பத்திரண்டு பேரும் வகுப்பில் இருந்தார்கள். ஒன்பது பேரில் இரண்டு பேரைத்தான் எக்ஸாமினர் எழுப்பினார். இரண்டு பேரும் முழித்தார்கள். நித்யாவுக்கு மார்க் குறைந்துபோனது. இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை.

போன வருஷம் திருமங்கலம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்தப் பள்ளிக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடிவிட்டார்களாம். மரமும் இல்லை, சத்துணவுக் கூடமும் இல்லை. பழைய ரிஜிஸ்டரெல்லாம் எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்ற இரண்டு மூன்று பேரிடம் அவள் அம்மாவைப் பற்றி விசாரித்தேன். ஒருவருக்கும் நினைவில்லை. அங்கே எட்டாம் வகுப்பில் ஒரே செக்‌ஷன்தான் இருந்தது என்று இனி யார் போய் எந்த ஏட்டில் பார்க்கமுடியும்? இப்போது எந்த செக்‌ஷனும் இல்லை.

என்னிடம் மிச்சமிருப்பது ஒரு போட்டோ. பயிற்சி முடிகிற கடைசி நாள் வகுப்போடு எடுத்துக்கொள்வது வழக்கம். எல்லாரும் வரிசையாக நின்றபிறகு பார்த்தால், பாண்டிச்செல்வி போட்டோக்காரருக்குப் பின்னால், மற்ற பிள்ளைகளின் பைகளைக் காவல் காத்துக்கொண்டு நிற்கிறாள். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. கோபத்தில் வரவில்லை என்றுதான் நினைத்தேன். கோபமாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், என் தோளைப் பார்த்தாள். பிறகு யாருக்கும் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"வேணாம் டீச்சர். போட்டோவ அந்த மேடம் பாத்துட்டா, ஒங்க மார்க்கக் கொறச்சிருவாங்க."

போட்டோக்காரர் கூப்பிட்டார். நான் திரும்பி வந்து நடுவில் உட்கார்ந்தேன். போட்டோவில் முப்பத்தேழு பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.